மாற்றிச் சொல்லாதவன் சலவைக்கூடத்திலிருந்து எழுதுவது

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதுவது.

நீங்கள், அக்கா, பிள்ளைகள் எல்லோரும் சுகம் என்று நம்புகிறேன். நானும் சுகம். போன கடிதத்திலும் அதற்கு முந்திய கடிதத்திலும் சுகம் என்றுதான் எழுதியிருந்தேன், ஆகையால் இந்த முறையும் சுகமே. முகாமுக்குத் தண்ணீர் லாரி இப்போதாவது நேரத்துக்கு வருகிறதா, உங்கள் முட்டிவலி எப்படி, கூரைத் தகரத்தை மாற்றிக் கொடுத்தார்களா என்றெல்லாம் முறையாக விசாரித்துவிட்டு மெதுவாக விஷயத்துக்கு வரலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் நேற்றிலிருந்து கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. விசாரிப்பையெல்லாம் கடைசியில் வைத்துக்கொள்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம்.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். உங்கள் இரண்டு குடும்பத்துக்கும் சேர்த்து இருப்பது ஒரே போன். நீங்கள் எடுத்தாலும் உங்கள் தங்கை அதைப் பிடுங்கி, சுற்றி நாலு கூடாரத்துக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டுவிடுவாள். நான் சொல்லப் போவது அவள் காதில் விழவே கூடாத விஷயம். அவளும் எங்கள் மகள் சின்னவளும் இங்கே வந்து சேர வேண்டுமென்றால், எனக்கு நிரந்தர வேலை இருக்கிறது என்று கம்பெனி எழுதித் தரும் கடிதம் ஒன்று வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். ஆறு மாதம் தற்காலிகமாக வைத்துப் பார்த்துவிட்டு, ஒரு மீட்டிங் போட்டு, பிறகுதான் அதைத் தருவார்கள். அந்த மீட்டிங் நேற்று நடந்தது. கடிதம் தருகிறோம் என்றுதான் சொன்னார்கள். நான்தான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று நேற்று மாலையிலிருந்து உட்கார்ந்து யோசிக்கிறேன், தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். முகாமில் எங்களை விசாரித்த அதிகாரி, கல்யாணம் எந்தக் கிழமை நடந்தது என்று என்னிடம் கேட்டார். வியாழன் என்றேன். பக்கத்து அறையில் உங்கள் தங்கையிடமும் அதையே கேட்டிருக்கிறார்கள். அவள் வெள்ளி என்றிருக்கிறாள். நான் பதிவாளர் முன்னால் கையெழுத்துப் போட்ட நாளைச் சொன்னேன், அவள் ஊரைக் கூட்டிச் சாப்பாடு போட்ட நாளைச் சொன்னாள். இரண்டும் உண்மைதான், பந்தியில் நின்று பரிமாறியதே நீங்கள்தானே. ஆனால் அவர்கள் ‘முரண்பாடு’ என்று சிவப்பு மையில் எழுதி, ஒரே ஃபைலை இரண்டாகப் பிரித்து, உனக்கு மட்டும் அனுமதி, இப்போது போகாவிட்டால் அதுவும் ரத்து என்று சொல்லி என்னை விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். இரண்டு வருஷம் ஆகிவிட்டது மச்சான். சின்னவளுக்குப் பல் விழுந்ததையும் போனில்தான் பார்த்தேன், முளைத்ததையும் போனில்தான் பார்த்தேன். அந்த விமானத்தில் உட்கார்ந்து ஒரு முடிவு எடுத்தேன்: இனி என் வாயிலிருந்து ஒரு முறை வந்த பதில் எக்காரணம் கொண்டும் மாறாது. இறங்கிய கையோடு ஒரு நோட்டு வாங்கினேன். யார் எதைக் கேட்டாலும், நான் சொன்ன பதில், தேதி, மணி, பக்கத்தில் இருந்தவர் எல்லாம் அதில் ஏறிவிடும். பஸ் ஸ்டாண்டில் இருபது வருஷம் டைம் கீப்பராக இருந்தவனுக்கு நேரம் குறித்து வைப்பது ஒரு வேலையா என்று நினைத்தேன். அங்கேதான் பிடித்தது வினை.

எனக்கு வேலை கிடைத்த இடம் ஒரு பெரிய சலவைக்கூடம். ஓட்டல்களிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு எல்லாம் லாரி லாரியாக வந்து இறங்கும். அழுக்கு வருவது ஒரு வாசல், வெளுத்தது போவது இன்னொரு வாசல், நடுவில் சுவர். அழுக்குப் பக்கத்து ஆள் இந்தப் பக்கம் வர வேண்டுமென்றால் உடுப்பு மாற்றிக் கை கழுவிக்கொண்டுதான் வர வேண்டும். நான் வெளுத்த பக்கம், இஸ்திரி உருளையில். ஆளுயர உருளைகள் சுடச்சுட உருண்டுகொண்டே இருக்கும். ஈர விரிப்பின் ஒரு மூலையை நான் பிடிக்க, மறு மூலையை ஓர் அம்மா பிடிக்க, சுருக்கமில்லாமல் இழுத்து உள்ளே விட வேண்டும். அந்த அம்மா இந்த ஊர்க்காரர். பத்தொன்பது வருஷமாக அதே இடது மூலையைப் பிடிப்பதால் எல்லோரும் ‘மூலையக்கா’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். மேனேஜர் எதற்கெடுத்தாலும் ‘சரி சரி’ என்பார், ஆகையால் அவர் பெயர் சரிசரி, அது அவருக்கும் தெரியும். ஆள் சேர்க்கும் அம்மையார் எப்போதும் நெஞ்சோடு ஒரு ஃபைலை அணைத்துக்கொண்டு நடப்பதால் ஃபைல் மேடம். இவர்கள் பேசுவது வேறு மொழி என்றாலும் நம் பேச்சிலேயே எழுதுகிறேன், அந்த மொழியில் எழுதினால் எனக்கும் தப்பு வரும், உங்களுக்கும் புரியாது.

அகதிகளை வேலைக்கு எடுப்பது என்று கம்பெனி ஒரு திட்டம் வைத்திருக்கிறது. சேர்ந்த அன்றே ஒரு போட்டோக்காரர் வந்து என் கையில் ஒரு விரிப்பைக் கொடுத்து, “நம்பிக்கையோட பாருங்க” என்றார். எங்கே பார்க்க வேண்டும் என்று கேட்டேன். “தூரத்துல, எதிர்காலத்தைப் பாக்குற மாதிரி” என்றார். எதிர்காலம் எந்தப் பக்கம் என்று தெரியாமல் திருதிருவென்று விழித்துவிட்டு, எதிரே இருந்த ஏழாம் நம்பர் உலர்த்தும் மெஷினைப் பார்த்தேன். அந்தப் படம் இப்போது கேன்டீன் சுவரில் ஆளுயரத்துக்குத் தொங்குகிறது. கீழே ‘புதிய தொடக்கம்’ என்று போட்டிருக்கிறது. தினமும் அதன் அடியில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறேன், தலையை நிமிர்த்துவதில்லை.

அன்று பத்து நாற்பதுக்கு டீ. சரிசரி அவரே கெட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்து, “சர்க்கரை எத்தனை?” என்றார். நான் மூன்று கரண்டிக்காரன் என்பது உங்களுக்குத் தெரியும், அதற்காக அக்காவிடம் எத்தனை திட்டு வாங்கியிருக்கிறேன். ஆனால் வந்த முதல் நாளே மூன்று என்று கேட்க வாய் வராமல் “வேண்டாம் சார்” என்று சொல்லிவிட்டேன். அடுத்து, “ஃபுட்பால் ஆடுவீங்களா?” என்றார். உடம்பு தேறுமா என்று சோதிக்கிறாராக்கும் என்று பயந்துபோய், “ஆடுவேன் சார்” என்றேன். இரண்டும் நோட்டில் ஏறியது. அதோடு என் டீயும் போச்சு, சனிக்கிழமையும் போச்சு. ஆறு மாதமாகக் கசக்கக் கசக்கக் குடிக்கிறேன். கம்பெனி அணிக்கு நான்தான் கோல்கீப்பர், எதிரே இருப்பது லாரி டிரைவர்கள் அணி. முதல் ஆட்டத்தில் பதினொரு கோல் வாங்கினேன். சரிசரி என் தோளைத் தட்டி, “சரி சரி, உங்க ஊர்ல கோல் போஸ்ட் சின்னதா இருக்கும்” என்று அவரே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டார். அது உண்மையா என்று என்னைக் கேட்கவில்லை, நல்லவேளை, கேட்டிருந்தால் ஆமாம் என்று சொல்லி அதையும் சுமக்க வேண்டியிருந்திருக்கும்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை மச்சான், வாத்துதான் என் உயிரை வாங்குகிறது. முதல் திங்கட்கிழமை விரிப்பை இழுத்துக்கொண்டே மூலையக்கா, “நேத்து லீவுக்கு என்ன பண்ணீங்க?” என்று கேட்டார். முந்தைய நாள் வழி தெரியாமல் அலைந்து ஒரு ஏரிக்கரையில் போய் நின்றிருந்தேன், அங்கே வாத்து இருந்தது. “ஏரிக்குப் போனேன், வாத்து பார்த்தேன்” என்றேன். முழுக்க உண்மை. அடுத்த திங்கள் அதே இடம், அதே நேரம், அதே கேள்வி. எனக்குச் சொரேர் என்றது. நம் முகாமில் ஒரே கேள்வியை இரண்டாம் முறை கேட்டால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. “ஏரிக்குப் போனேன், வாத்து பார்த்தேன்” என்றேன். ஆனால் அந்த ஞாயிறு நான் அறையை விட்டு வெளியே வரவே இல்லை. பொய் சொன்ன உறுத்தல் தாங்காமல் அன்று வேலை முடிந்ததும் நேரே ஏரிக்குப் போய் ஒரு வாத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு வாய்க்கும் நடப்புக்கும் இடைவெளி வரக்கூடாது என்று ஒவ்வொரு ஞாயிறும் போய்விடுகிறேன். மழையிலும் போனேன், காய்ச்சலோடும் போனேன். ஒரு ஞாயிறு ஏரியைத் தூர்வார வேண்டும் என்று தண்ணீரை வடித்துவிட்டார்கள். ஒரு வாத்துகூட இல்லை. இரண்டு பஸ் மாறி, அடுத்த ஊர்க் குளத்துக்குப் போய், நாலு மணிக்கு மேல் தூரத்தில் ஒன்று நீந்தியதைப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது.

ஒரு நாள் மூலையக்கா விரிப்பை அப்படியே பிடித்துக்கொண்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

“ஏம்ப்பா, எல்லா வாரமும் வாத்துதானா?”

“ஆமாக்கா.”

“அதே வாத்தா?”

“வாத்து மாறியிருக்கலாம்க்கா. அதைப் பத்தி நான் எதுவும் சொல்லல.”

அவர் அதைப் போய்க் கேன்டீனில் சொல்லியிருக்கிறார். அவர்கள் எனக்கு வாத்து என்றால் உயிர் என்று முடிவு கட்டிவிட்டார்கள். வாத்துப் படம் போட்ட கோப்பை வந்தது, வாத்து காலண்டர் வந்தது, சரிசரி தன் வீட்டில் சும்மா கிடந்த பைனாகுலரைக் கொண்டுவந்து கழுத்தில் மாட்டியே விட்டார். கம்பெனிப் பத்திரிகையில் ‘நம் பறவை ஆர்வலர்’ என்று என் படத்தோடு அரைப் பக்கம் போட்டார்கள். உண்மையைச் சொல்லவா, எனக்கு வாத்தைக் கண்டாலே இப்போது பற்றிக்கொண்டு வருகிறது. ஆனால் அவர்கள் சிரித்த முகத்தோடு கொடுக்கும்போது எதைச் சொல்வது. என்னை இவ்வளவு பேர் நினைத்துக்கொள்கிறார்களே என்று உள்ளுக்குள் கொஞ்சம் நன்றாகவும் இருந்தது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இப்படியே நூல் பிசகாமல் ஆறு மாதம் ஓட்டி, நேற்று மீட்டிங்குக்குப் போனேன். கதவைத் திறந்ததும் எனக்கு ஒரு கணம் எந்த நாட்டில் இருக்கிறேன் என்றே புரியவில்லை. நீள மேசை. அந்தப் பக்கம் மூன்று நாற்காலி, இந்தப் பக்கம் ஒன்று. மேசை மேல் என் பெயர் போட்ட ஃபைல், ஒரு டம்ளர் தண்ணீர், கண் துடைக்கிற காகிதப் பெட்டி. முகாமில் நாம் உட்கார்ந்த அறையை அப்படியே பெயர்த்துக் கொண்டுவந்து வைத்தது போல இருந்தது. சரிசரியும் ஃபைல் மேடமும் இருந்தார்கள், கூடவே தலைமை ஆபீசிலிருந்து கண்ணாடி போட்ட ஒருவர். கால் தானாக ஒட்டிக்கொண்டது, முதுகு தானாக நிமிர்ந்தது.

“உக்காருங்க, டென்ஷன் எல்லாம் வேணாம்” என்றார் சரிசரி. “உங்களைப் பத்தி எங்களுக்குக் கொஞ்சம் சொல்லுங்க.”

“ஆரம்பத்துலேர்ந்தா சார்?”

“சரி சரி, ஆரம்பத்துலேர்ந்தே சொல்லுங்க.”

மச்சான், இந்த வார்த்தையைக் கேட்டால் எனக்கு வேறு எதுவும் வராது. ஆறு முறை ஆறு அதிகாரிகளிடம் சொன்னதுதான் வரும். செவ்வாய்க்கிழமை காலை ஐந்து நாற்பது வண்டி கிளம்பவில்லை என்று ஆரம்பித்தேன். டிரைவர் வந்து ரோட்டை மறித்துவிட்டார்கள் என்று சொன்னது, ஐந்து ஐம்பத்தைந்தும் ஆறு பத்தும் வராதது, ஜனங்கள் மூட்டையோடு வந்து நின்றது, கூட்டம் கலையாமல் இருக்கட்டும் என்று நான் மைக்கில் வராத வண்டிகளுக்கு நேரம் அறிவித்துக்கொண்டே இருந்தது, ஏழேகாலுக்குப் புகை தெரிந்தது, என்னை நம்பி நின்றவர்களை எந்தப் பக்கம் ஓடச் சொல்வது என்று எனக்கே தெரியாமல் போனது, உங்கள் தங்கை சின்னவளைத் துணியில் கட்டிக்கொண்டு டிக்கெட் கவுண்டருக்குப் பின்னால் வந்து நின்றது, நீங்கள் சைக்கிளை அங்கேயே போட்டுவிட்டு எங்களோடு நடந்தது, எல்லாம் சொன்னேன். ஒரு வரி முன்பின் ஆகவில்லை. நாற்பது நிமிஷம். நான் அழவில்லை, மூன்றாம் தடவைக்குப் பிறகு எனக்கு அதில் அழுகை வருவதில்லை. ஃபைல் மேடம் அழுதார். தலைமை ஆபீஸ்காரர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டுமானால் சாட்சிகளின் பெயரும் தருகிறேன் என்று முடித்தேன்.

சரிசரி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “நாங்க… இங்க இந்த ஆறு மாசம் எப்படிப் போச்சுன்னுதான் கேட்டோம்” என்றார்.

எனக்குக் காது வரை சுட்டது. ஃபைல் மேடம் நிலைமையைச் சரிக்கட்ட வேண்டும் என்று நினைத்து, “உங்ககிட்ட நீங்களே மாத்திக்கணும்னு நினைக்கிற விஷயம் ஏதாவது இருக்கா?” என்று ஒரு கேள்வியைப் போட்டார். எல்லோரிடமும் கேட்கிற கேள்வியாம் அது. எனக்கு அது எப்படித் தெரியும். “எதையும் மாத்த மாட்டேன் மேடம், சொன்னது சொன்னதுதான்” என்றேன். இதற்கு எத்தனை மதிப்பெண் போட்டாரோ, எழுதிக்கொண்டே இருந்தார்.

அப்புறம்தான் சரிசரி ஃபைலிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசை மேல் வைத்தார். “லாரி எப்பக் கிளம்பணும், எந்த ஆஸ்பத்திரிக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேரணும்னு பாக்க ஆள் இல்லாமத் திண்டாடுறோம். நீங்க டைம் கீப்பர்னு இப்பத்தான் தெரியுது, இது உங்களுக்குன்னே செஞ்ச வேலை. நிரந்தரம். கடிதமும் இங்கயே இருக்கு” என்றார். தாள் என் பக்கம் தலைகீழாக இருந்தது. தலைகீழாகவே என் பெயரைப் படித்தேன். அந்தத் தாளுக்காகத்தான் இரண்டு வருஷம். கையை நீட்டியிருக்க வேண்டும். ஆனால் விண்ணப்பம் எழுதிய நாளில் ‘வேறு பிரிவில் வேலை செய்யச் சம்மதமா’ என்ற கேள்விக்கு, அழுக்குப் பக்கம் தள்ளிவிடுவார்களோ என்று பயந்து ‘இல்லை’ என்று டிக் அடித்திருந்தேன், அது மண்டையில் மணியடித்தது. இப்போது சம்மதம் என்றால் முரண்பாடு. சிவப்பு மை. என் வாய் என்னைக் கேட்காமலே, “வேண்டாம் சார், இஸ்திரின்னுதான் எழுதிக் கொடுத்திருக்கேன்” என்று சொல்லிவிட்டது.

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “இஸ்திரில நிரந்தர இடம் கிடையாதே, புது மெஷின் வருது, ஆளே குறையப் போகுது” என்றார் சரிசரி. “வெள்ளிக்கிழமை வரைக்கும் யோசிங்க. அப்பவும் வேணாம்னா இந்த மாசத்தோட முடிஞ்சிரும், நான் ஒண்ணும் பண்ண முடியாது.” அவர் சரி சரி என்று சொல்லாமல் பேசியதை நேற்றுத்தான் முதல் முறையாகக் கேட்டேன். தாளை எடுத்து ஃபைலுக்குள் வைத்துவிட்டார்கள். நான் நன்றி சொல்லி, நாற்காலியை ஒழுங்காக உள்ளே தள்ளிவிட்டு வெளியே வந்தேன்.

மூலையக்காவிடம் சொன்னேன். அவர் விரிப்பைக் கீழேயே போட்டுவிட்டார், அந்த உருளை ஒரு நிமிஷம் சும்மா உருண்டது.

“உனக்கு மூளை கீளை கலங்கிருச்சா? பொண்டாட்டி பிள்ளை வரணும்னுதானே இவ்வளவும். இப்பவே போய் வேணும்னு சொல்லு.”

“நேத்து வேணாம்னு சொல்லிட்டு இன்னிக்கு வேணும்னா எப்படிக்கா?”

“எப்படின்னா? வாயைத் திறந்துதான். நான் காலைல கட்டில்லேர்ந்து இறங்குறதுக்குள்ள நாலு தடவை மனசை மாத்துறேன். மாத்திச் சொன்னா போலீஸா வரும்?”

“நாங்க இருந்த இடத்துல வரும்க்கா.”

அவர் குனிந்து விரிப்பை எடுத்து, என் மூலையை என் கையில் கொடுத்தார்.

இதுதான் மச்சான் நிலவரம். இப்போது நான் சரிசரியிடம் போய் லாரி வேலைக்குச் சம்மதம் என்று சொன்னால், முதலில் ஏன் இல்லை என்றாய் என்று கேட்பார். பயத்தில் சொன்னேன் என்றால், வேறு என்னென்ன பயத்தில் சொன்னாய் என்று கேட்பார். சர்க்கரை வெளியே வரும், ஃபுட்பால் வரும், வாத்து வரும், அந்தப் பைனாகுலரை எந்த முகத்தோடு திருப்பிக் கொடுப்பேன். எல்லாம் பொய் என்றால் அந்தச் செவ்வாய்க்கிழமையும் பொய்யோ என்று அவர்களுக்குத் தோன்றிவிட்டால் என்ன செய்வது, இதுதான் என்னைத் தின்கிறது. சொல்லாவிட்டால் கடிதம் இல்லை, கடிதம் இல்லாவிட்டால் உங்கள் தங்கையும் சின்னவளும் வர முடியாது. அதனால் நீங்கள் எனக்காக ஒரு காரியம் செய்ய வேண்டும். ‘ஒருத்தர் ஒரு கம்பெனியில் சொன்ன பதிலை மாற்றினால் அவர் குடும்பத்து ஃபைலுக்குப் பாதகம் வருமா’ என்று முகாம் ஆபீசில் யாருக்கோ கேட்பது போல விசாரித்து எழுதுங்கள். என் பெயர் வேண்டாம். இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வர மூன்று வாரம் ஆகும், உங்கள் பதில் வர இன்னும் மூன்று வாரம், வெள்ளிக்கிழமைக்கோ இடையில் இரண்டே நாள், இந்தக் கணக்கு உதைக்கிறது என்று எனக்கும் தெரிகிறது. ஆனாலும் எழுதுங்கள், உங்கள் யோசனை கையில் இருந்தால் எனக்கு ஒரு தெம்பு.

உங்கள் தங்கை கேட்டால் கம்பெனியில் பிரின்டர் ரிப்பேர், அதனால் கடிதம் தாமதம் என்று சொல்லிவிடுங்கள். எத்தனை முறை கேட்டாலும் பிரின்டர்தான், தயவுசெய்து நடுவில் வேறு எதற்கும் மாற்றிவிடாதீர்கள். அவள் உங்கள் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள், ஆகையால் எங்கேயாவது வேலையாக இருப்பது போலத் திரும்பி நின்று சொல்லவும்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் முத்தம், சின்னவளுக்கு இரண்டாகச் சேர்த்துக் கொடுங்கள். முட்டிக்குச் சூடான ஒத்தடம் விடாமல் கொடுக்கவும். நீங்கள் எல்லோரும் நீண்ட ஆயுளோடு, கூரை ஒழுகாத வீட்டில் ஒருநாள் இருப்பதைப் பார்க்க வேண்டும் என்று இந்த நிமிஷம் வரை வேண்டிக்கொண்டிருக்கும்,

உங்கள் தங்கையின் கணவன்.

பின்குறிப்பு: மச்சான், மேலே எழுதியது எதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம். உறையை ஒட்டுகிற நேரத்தில் போன் அடித்தது, உங்கள் தங்கை. எடுத்த எடுப்பிலேயே, “எனக்கு வேலை கிடைச்சிருச்சு” என்றாள். முகாமிலேயே வேலையா என்று கேட்டேன். “அங்கதான், நீங்க இருக்குற ஊர்லதான். ஆஸ்பத்திரிக்கு உடுப்பு தைக்கிற கம்பெனி, முகாம்லேர்ந்து நேரா ஆள் எடுக்குறாங்க. போன் முன்னாடி ஒரு சட்டைக் கை தைச்சுக் காட்டச் சொன்னாங்க, தைச்சேன். ‘நல்லா இருக்கு, இன்னொரு கையும் தைங்க’ன்னாங்க” என்றாள். கடிதம் போன வாரமே வந்துவிட்டதாம், விசாவும் இன்று காலை வந்துவிட்டதாம். புருஷன் வேலை, புருஷன் கடிதம், பழைய ஃபைல் எதுவும் அதற்குத் தேவையே இல்லையாம். என் வீட்டிலிருந்து ஆறே ஸ்டாப். அடுத்த மாதம் எட்டாம் தேதி இறங்குகிறார்கள். என் பெயரும் அவள் விண்ணப்பத்தில் இருக்கிறது என்றாள். எங்கே என்று கேட்டேன். “சம்பாதிக்கிறவர் யாரையெல்லாம் காப்பாத்தணும்னு ஒரு கட்டம் இருக்கு. முதல்ல சின்னவ. ரெண்டாவது நீங்க.”

மூன்று மாதமாக இது நடக்கிறதாம், அவள் தைக்கத் தைக்கப் போனைப் பிடித்துக்கொண்டு நின்றதே நீங்கள்தானாம். ஒரு மூச்சு விட்டீர்களா மச்சான், உங்களிடமா நான் ரகசியம் காக்கச் சொல்லி இத்தனை பக்கம் எழுதினேன். இருக்கட்டும், நேரில் பேசிக்கொள்கிறேன், உங்கள் ஃபைலும் சீக்கிரம் நகரட்டும். நாளைக் காலை சரிசரியிடம் போய் லாரி வேலை எனக்கு வேண்டும் என்று சொல்லப் போகிறேன், ஏன் மாற்றினாய் என்று கேட்டால் யோசித்தேன் என்பேன்.

வைக்கும் முன்னால், “நீங்க எப்படி இருக்கீங்க?” என்றாள். இரண்டு வருஷமாக ஒவ்வொரு வாரமும் அவள் இதைக் கேட்கிறாள், ஒவ்வொரு வாரமும் நல்லா இருக்கேன் என்றுதான் சொல்லி வந்தேன். இன்று என்ன வந்ததோ, “நல்லா இல்ல. நீ இல்லாம ஒரு நாளும் நல்லா இருந்ததில்ல” என்று சொல்லிவிட்டேன். ஸ்பீக்கர் போட்டிருந்தால் நீங்களும் கேட்டிருப்பீர்கள், கேட்டுவிட்டுப் போங்கள். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “இதை முதல் வாரமே சொல்லியிருந்தா நான் அப்பவே தையல் மெஷின்ல உக்காந்திருப்பேன்ல. நீங்கதான் நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்னீங்க, சரி மெதுவாப் போவோம்னு இருந்துட்டேன்” என்றாள்.